முன்பக்கப் படம் எங்க?

பொறாமை எண்டு நேராவே சொல்லிப்போடுறன். அதுக்கு வேற பேர் வைச்சு மெழுக எனக்கு விருப்பமில்லை. எலும்புச் சத்திரசிகிச்சை டொக்டர்மாரின்ட மாநாடு இந்த முறை எங்கட திருகோணமலையில நடந்தது. உள்துறைமுகத்தைப் பாத்த ஹோட்டல். ஓர்ஸ் ஹில்லில இருக்கிற என்ட வீட்டில இருந்து நடந்தே போகலாம். என்ட ஊர், என்ட கடல். மேடையில நிண்டு படிப்பிக்கிறது மட்டும் அவன்!

அவனும் நானும் மருத்துவபீடத்தில ஒரே பட்ச், விடுதியில ஒரே அறை. அவன் லண்டனில மேல படிச்சிட்டு வந்து கொழும்பில இருந்திட்டான். நான் இங்கயே வந்து நிண்டனான். இளம் டொக்டர்மாருக்கு ஒவ்வொரு மாநாட்டிலயும் நடக்கிற பயிற்சி வகுப்பில பிளாஸ்டிக் எலும்பை மேசையில இறுக்கி வைக்கிறது நான், ட்ரில்லுக்கு சார்ஜ் போடுறது நான், பேச்சும் கைதட்டும் அவனுக்கு. வகுப்பை இவ்வளவு காலமும் நடத்தின பெரிய சேர் ஓய்வு பெறப் போறார். இனி அதை ஆரிட்டக் குடுக்கிறது எண்டு இந்த மாநாட்டில முடிவாகும். எனக்கு அது வேணும். வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், மூண்டு நாளா அந்த நினைப்பிலயே சோறு இறங்கேல்லை.

அவன் நல்லதொரு கோட்டோட மேடையில ஏறி ஒரு பகிடி விட்டான். முன்வரிசை முழுக்கச் சிரிச்சுது. விடுதியில எனக்குச் சொல்லி நான் சிரிக்காத பகிடி அது. அடிவயிறு பத்திக்கொண்டு வந்தது.

இந்த முறை அவன்ட பேச்சு, பிழைச்சுப்போன ஒப்பரேசன்களைப் பற்றி. இதில எங்கட ஆக்களிட்ட ஒரு வழக்கம் இருக்கு. நோயாளியின்ட பேர், ஆஸ்பத்திரியின்ட பேர் எல்லாத்துக்கும் கறுப்படிச்சுத்தான் எக்ஸ்ரேயைக் காட்டுவம். ஆர் செய்தது எண்டு கேக்கிறதில்லை. எண்டாலும் கொண்டு வாறவன் பெரும்பாலும் தன்ட பிழையைத்தான் கொண்டு வருவான். அது எல்லாருக்கும் தெரியும்.

அவன் போட்டது ஒரு தொடை எலும்பு, பக்கத்தால எடுத்த படம். எலும்பை இணைக்கப் பூட்டின பிளேட் நடுவால முறிஞ்சு கிடந்தது. அட, மாட்டினான்டா எண்டு எனக்குச் சந்தோசம் பொங்கிச்சுது. மைக் வர முதலே எழும்பிட்டன்.

"இந்தத் தொடைக்கு நீளமே காணாத இவ்வளவு கட்டைப் பிளேட்டா? முறிவுக்கு மேல ரெண்டு ஸ்குரூ, கீழ ரெண்டு ஸ்குரூ. முறியாம என்ன செய்யும்? இதைப் பூட்டினவர் முதல்ல என்ட பிளாஸ்டிக் எலும்பு மேசைக்கு வந்து பழகோணும்!"

மண்டபம் சிரிச்சுது. அவன் சிரிக்கேல்லை. "சரி மச்சான், ஏற்றுக்கொள்ளுறன்" எண்டு அடுத்த படத்துக்குப் போகப் பாத்தான்.

விடுவனா? "முன்பக்கப் படம் எங்க?" எண்டு கேட்டன். ஒரு பக்கத்தால மட்டும் எடுத்த எக்ஸ்ரேயை வைச்சு எலும்பைப் பற்றிக் கதைக்கக் கூடாது, முன்னாலயும் பாக்கோணும். இது படிக்கிற பிள்ளையளுக்கே நாங்கள் முதல்ல சொல்லிக் குடுக்கிற பாடம்.

"தேவையில்லை மச்சான், நேரம் போகுது."

"ஏன் மச்சான் ஒளிக்கிறாய்?"

பெரிய சேர் திரும்பிப் பாத்தார். "அவர் கேக்கிறது நியாயம்தானே. போடுங்கோ."

அவன் என்னைப் பாத்தான், வேணாமடா எண்டு கெஞ்சுற பார்வை. எனக்கு அது தேனா இனிச்சுது. படம் வந்தது.

எலும்புக்குள்ள ஒரு சின்ன இரும்புத் துண்டு. துளைக்கேக்க முறிஞ்ச ட்ரில் நுனி. பக்கப் படத்தில பிளேட் அதை மறைச்சிருந்தது. ஐயோ, அந்த நுனி என்ட கையில முறிஞ்சது! கிளிவெட்டி வயல்காரர் ஒராள், உழவு மெசின் பிரண்டு தொடை முறிஞ்சு வந்தவர். தோண்டி எடுத்தா இன்னும் சேதம் எண்டு நுனியை உள்ளயே விட்டனான். பிறகு அவர் கிளினிக்குக்கு வரேல்லை, சுகமாக்கும் எண்டு நானும் இருந்திட்டன். மனுசன் முறிஞ்ச பிளேட்டோட கொழும்புக்குப் போய் அவனிட்டச் சேந்திருக்கிறார். மல்லாக்கப் படுத்துக்கொண்டு துப்பினா வேற எங்க விழும்?

"ஆரின்ட கேஸ் இது?" எண்டு பின்னால ஒருத்தர் வழக்கத்தை மறந்து கேட்டார்.

"அந்தக் காலைக் கடைசியாத் திறந்து திருத்தினவன் நான்," எண்டான் அவன். "அப்ப என்ட கேஸ்தான்."

அது பொய்யும் இல்லை. எல்லாரும் அவனைத்தான் பாத்தினம். மைக் இப்ப என்ட கையில இருந்தது. ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் மைக்கைக் குடுத்திட்டுக் கதிரையில இருந்திட்டன்.

தேத்தண்ணி நேரம் பெரிய சேர் என்ட தோளில கை வைச்சார். "உங்களுக்குக் கண் இருக்கு. இனி வகுப்பை நீங்கள் நடத்துங்கோ."

"ஓம் சேர்" எண்டனான். அவ்வளவு கெதியா நான் ஒருத்தருக்கும் ஓம் சொன்னதில்லை.

அவன் மீன் வைச்ச ஒரு மாலுபாணைக் கடிச்சுக்கொண்டு வந்து கை குடுத்தான். "கிளிவெட்டி ஐயா இப்ப நல்லா நடக்கிறார் மச்சான்," எண்டு எனக்கு மட்டும் கேக்கச் சொல்லிப்போட்டுப் போனான்.

ஆசைப்பட்டது கிடைச்சிட்டுது, வயிறு ஆறியிருக்கோணும். ஆறேல்லை. இப்ப எரியிறது அவன்ட கோட்டுக்கும் பேச்சுக்கும் இல்லை. அண்டைக்கு அவன் நிண்ட இடத்தில நான் நிண்டிருந்தா, அவன்ட பேரைச் சொல்லியிருப்பன். சத்தியமா, ஊரையும் சேத்துச் சொல்லியிருப்பன்.