அரிசி ஆலைக் களத்தில் ஒரு பாய்மரப் படகு

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் ஆரணியில் சொந்தப் பட்டறை போட்டேன், இந்தப் பக்கத்து அரிசி ஆலைகளில் பாதிக்கு நெல் ஊறவைக்கும் தொட்டி கட்டினேன், இரண்டு பெண்களை இன்ஜினியராக்கினேன். இதற்கெல்லாம் முன்னால், மீசை முளைக்காத வயதில், ஒரு கப்பலையே மூழ்காமல் காப்பாற்றினேன் என்றால் மட்டும் சிரிக்கிறார்கள்.

சுரண்டிய துருவின் நெடி, வேகும் நெல்லின் வாசனையோடு கலந்து இன்னும் என் மூக்கில் இருக்கிறது. வெம்பாக்கத்தில் பிறந்து, கப்பல்களில் இன்ஜின் பார்த்து ஓய்வுபெற்ற உலகநாதன், யாரோ வெள்ளைக்காரர் சென்னையில் விற்றுவிட்டுப் போன பழைய இரும்புப் பாய்மரப் படகை வாங்கி, வெல்டிங் மேஸ்திரியான என் மாமாவை நம்பி, பழுதுபார்க்க லாரியில் ஏற்றிக்கொண்டு ஆரணிக்கு வந்துவிட்டார். நான் அப்போது மாமாவிடம் எடுபிடி. மனைவியோடு அதில் அந்தமான் வரைக்கும் போய்வர வேண்டும் என்பது அவர் ஆசை. நெல் காயும் ஆலைக் களத்தில் பனந்துண்டுகளின் மேல் நிறுத்தியதும் ஊரே திரண்டது. உள்ளே அடுப்பும் கட்டிலும் இருப்பதைப் பார்த்து, இதில் குடித்தனமே நடத்தலாமே என்று பெண்கள் வியந்தார்கள். தறிக்காரர் ஒருவர், பாயைப் பட்டிலேயே நெய்து தருகிறேன், ஜரிகை பார்டர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கோ, படகின் அடிவயிற்றில் தொங்கிய அந்தக் கனத்த இரும்பு எதற்கு என்பதே பெரிய யோசனை.

துரு தின்ற இடங்களில் புதுத் தகடுகளை ஒட்டி முடித்ததும் மாமா, தொட்டிக்குச் செய்வதுபோலவே உள்ளே தண்ணீர் நிரப்பச் சொன்னார். உலகநாதன் பதறினார்.

"தண்ணி வெளிய இருக்கணும் மேஸ்திரி, உள்ளார இல்ல."

"உள்ளார ஊத்தனது வெளிய வரலன்னா, வெளிய கீறது எப்படிங்க உள்ளார வரும்? பேஜார் பண்ணாம ஒக்காருங்க."

பாதிகூட நிரம்பவில்லை. பாரம் தாங்காமல் பனந்துண்டு நசுங்கி, படகு சாய்ந்து ஆலைச் சுவரில் முட்டி நின்றது. எல்லோரும் ஓடினார்கள். நான் மட்டும், அந்த அடி இரும்பைப் பார்க்க இதுதான் சமயம் என்று கீழே குனிந்தேன். அதை ஒட்டினாற்போல் பென்சில் கனத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

"மாமா, இங்க ஒழுவுது."

"அங்க நாம கையே வெக்கலியேடா. வெளிய வா, நசுங்கிப் பூடுவ."

தண்ணீரை இறைத்தபின் பார்த்தால், இன்ஜினுக்கு அடியில் அந்த இடத்தில் யாரோ சிமெண்ட் பூசி மூடியிருந்தார்கள். அந்தச் சந்தில் நுழைய என் உடம்புக்குத்தான் முடிந்தது. உளி வைத்து உடைத்தேன்; கீழே இருந்த தகடு அப்பளமாக நொறுங்கியது. உலகநாதன் வெளியே குனிந்து அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். "நடுக்கடல்ல தெரிஞ்சிருந்தா, என் பொண்டாட்டிக்கு நான் இன்னா பதில் சொல்லியிருப்பேன்" என்றார். மாமா புதுத் தகடு ஒட்டினார். அவர்கள் அந்தமான் போய், சுகமாகத் திரும்பியும் வந்தார்கள்.

இன்று மாமாவும் இல்லை, உலகநாதனும் இல்லை. களம் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம்; படகு எந்தக் கரையில் கிடக்கிறதோ தெரியாது. உலகநாதனின் பேரன் மட்டும் அந்தப் பயணக் கதையை செல்போன் வீடியோவாகப் போட்டிருக்கிறான். அதில், ஓட்டையை மேஸ்திரி கண்டுபிடித்தார் என்கிறான். ஒட்டியது அவர், ஒப்புக்கொள்கிறேன். கண்டுபிடித்தது மேஸ்திரியின் அக்கா மகன் கோபால். தம்பி, அதை நீ திருத்திப் போட வேண்டும்.