ஆம்பூர் உச்சியில் தவறிய ரயில்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் சின்னசாமி என்பவர் மணியடித்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் தோல் காயப்போடும் கம்பம் ஒன்றின் நிழல் எப்போது மிகவும் குட்டையாகிறதோ, அதுதான் அவருக்கு உச்சிவேளை. உடனே தொங்கும் தண்டவாளத் துண்டில் ஓங்கி அடிப்பார். தொட்டிகளில் நின்றவர்கள் கஞ்சிக்குக் கரையேறுவார்கள். அவர் அடித்த பிறகுதான் சூரியனே மேற்கே சாயும் என்று ஊரில் பேச்சு. அதில் பாதியைத்தான் நான் நம்புகிறேன்.

பறங்கிக்காயில் காம்பிலிருந்து அடிவரை வரிகள் ஓடுகின்றன அல்லவா? பூமி உருண்டைக்கும் அப்படி வடக்கிலிருந்து தெற்காக முந்நூற்றறுபது கோடுகள் வரைந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அவை தீர்க்கரேகைகள். சூரியன் கிழக்குக் கோட்டுக்கு முதலில் வரும். அடுத்த கோட்டுக்கு வர நான்கு நிமிஷம். சென்னப்பட்டணம் ஆம்பூருக்கு ஒன்றரைக் கோடு கிழக்கே இருப்பதால், அங்கே உச்சியாகி ஆறு நிமிஷம் கழித்தே இங்கே உச்சி. ரயில்கள் பட்டணத்து மணியில் ஓடின. பன்னிரண்டேகால் ரயிலைப் பிடிக்க, மணியடித்தபின் கையில் ஒன்பது நிமிஷம் இருக்கும்; நிதானமாக நடந்தாலே போதும்.

சின்னசாமிக்கு ஒரே மகள், வள்ளியம்மாள். அவள் புருஷன் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தான்; அவளும் கூடப் போவதாக இருந்தது. “கடல் தாண்டினா எனக்குப் பொண்ணே இல்ல” என்று சொல்லிவிட்டு, அதன்பின் சின்னசாமி மகளுடன் பேசவேயில்லை. திருப்பத்தூரிலிருந்து பட்டணத்துக் கப்பலுக்குப் புறப்படும் நாளைக் குறித்து அவள் முன்கூட்டியே ஆள்விட்டுச் சொன்னாள்: ஆம்பூரில் பன்னிரண்டேகால் ரயில் நிற்கும்போது அப்பா முகத்தைக் காட்டினால் போதும். அவர் முதல்நாளே வேட்டியை வெளுத்து வைத்தார். ‘போய்ட்டு வா’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அது 1905, ஆவணி மாதம். ரயில்காரர்கள் அப்போதுதான் தேசம் முழுவதற்கும் ஒரே மணி வைத்திருந்தார்கள். பட்டணத்துக்கும் கிழக்கே உள்ள ஒரு கோட்டில் அந்த மணியை எடுத்தார்கள். ஆகவே ஸ்டேஷன் கடிகாரம் ஒன்பது நிமிஷம் முன்னே போய்விட்டது.

ஷாப்புக் குமாஸ்தா ரஷீத் அஹமது அவரைத் தேடி முற்றத்துக்கே வந்தார்.

“நைனா, இப்பவே கெளம்பு. கெடியாரத்த முன்னால தள்ளிட்டாங்க.”

“கெடியாரத்தத் தானே பாய் தள்ளினாங்க. சூரியனையுமா தள்ளிட்டாங்க?”

“சூரியன் டிக்கெட் குடுக்காது நைனா. மணிய இன்னிக்கு நான் அடிக்கிறேன்.”

“நீ அடிச்சா ஆளுங்க ராத்திரிதான் கஞ்சி குடிப்பாங்க. பேஜார் பண்ணாத, போய் வேலையப் பாரு.”

நிழல் சுருங்கும்வரை நின்றார். மணியடித்தார். கடைசி அதிர்வு அடங்குமுன் ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதியது.

ஓடினார். கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. ஜன்னலில் ஒரு கை நீண்டிருந்தது. மகளுடைய கையா, வேறு யாருடையதா, தெரியவில்லை. “ஒரு பொண்ணு எறங்கி நின்னு இப்படியும் அப்படியும் பாத்துச்சு” என்றான் தண்ணீர்க்காரன். அவள் திரும்பி வரவும் இல்லை, சேதியும் இல்லை.

பிறகு ஷாப்பில் கடிகாரம் மாட்டினார்கள். சின்னசாமியும் அதைப் பார்த்தே அடித்தார். ஆனால் கம்பத்தடிக்குப் போவதை விடவில்லை.

“நேட்டால்ல நெழல் எப்பிடி பாய் விழும்?” என்று ஒருநாள் கேட்டார்.

ரஷீத் அஹமது பறங்கிக்காயை நடுவே சுற்றிவருவதுபோல் விரலால் காட்டினார். அந்தக் குறுக்குக் கோடுகள் அட்சரேகைகள். பூமியின் இடுப்புக்கு நாம் வடக்கே, நேட்டால் வெகு தெற்கே. அங்கே உச்சி நிழல் எப்போதும் தெற்கே விழும். நமக்கு வடக்கே விழும். சித்திரை நடுவிலிருந்து ஆடி முடியும்வரை மட்டும் சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போவதால், நமக்கும் தெற்கே.

அதிலிருந்து ஒவ்வொரு சித்திரையிலும் சின்னசாமி காத்திருப்பார். நிழல் தெற்கே திரும்பிய அன்று குமாஸ்தாவைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

“இனிமே ஆடி வரைக்கும் எனக்கும் எம்பொண்ணுக்கும் நெழல் ஒரே பக்கம் பாய்.”

“ஆமா நைனா.”

“அவளுக்கு யார் சொல்லுவாங்க?”