ஏழெட்டு அம்பத்தாறு

1981 ஜூன் 12, வெள்ளி. காலையில் வழக்கம்போல் முகச்சவரம், குளியல், இரண்டு இட்லி. பிறகு, மறுநாள் நிச்சயதார்த்தம் நடக்கவிருந்த தங்கை மகளின் பட்டுப்புடவையை வாங்கிவர முள்ளிப்பட்டுக்குப் போனேன்.

நெசவாளர் தறியில் இருந்தார். ஒல்லியான உடம்பு, காதில் செருகிய பீடி. முந்தானையில் இரண்டு பூ வரிசைகள் பாக்கி. வரிசைகளுக்கு நடுவே விட வேண்டிய இழைகளை ஏழாம் வாய்ப்பாட்டை ராகமாகப் பாடியே எண்ணினார். 'ஏழெட்டு அம்பத்தாறு' வந்ததும் தறியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்தார்.

"ஏங்க நிறுத்திட்டீங்க?"

"எங்க பள்ளிக்கூடத்து வாத்தியார் இந்த எடத்துலதாங்க மூக்குப்பொடி போடுவாரு."

"அவர் இப்ப எங்கே?"

"செத்துப் பல வருசம் ஆச்சுங்க. அதுக்குன்னு பொடிய வுட்டுடுவாரா?"

நாலு மணி பஸ்ஸை நினைத்து, நிறுத்தாமல் நெய்யும்படி கெஞ்சினேன். அவரும் நெய்தார். அம்பத்தாறைத் தாண்டியதும் கணக்கு குழம்பிவிட்டது. நெய்ததைப் பிரிக்க வேண்டியதாயிற்று. பஸ்ஸும் போய்விட்டது.

"பாத்தீங்களா? அவர ஜல்தி பண்ணா கோவிச்சுக்குவாருங்க."

அடுத்த வரிசையில் அவர் நிறுத்தியபோது, "போட்டாச்சா?" என்று பணிவாகவே கேட்டேன்.

"இருங்க, இன்னும் கைய ஒதறிகினு இருக்காரு."

ஓர் இழைகூடப் பிசகாமல் நெய்து முடித்து, புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தார். கடைசி பஸ்ஸில் ஊர் வந்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாகச் சவரத்துக்கு உட்கார்ந்தேன். வாய் தானாக ஏழாம் வாய்ப்பாட்டைப் பாடியது. ஏழெட்டில் கத்தி கன்னத்திலேயே நின்றது. நான் பார்த்தேயிராத அந்த வாத்தியார் பொடி போட்டு முடிக்கும்வரை, பாதிச் சோப்பு நுரையோடு காத்திருந்தேன்.