பானைக்குக் கட்டிய பாவாடை

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் எங்கள் ஆக்களின் சேலைக்கடைகள் வரிசை கட்ட முன்னமே கடை போட்டவன் நான். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒற்றைப் பெட்டியோடு வந்திறங்கி, பேக்கரியில் ஷிப்ட் அடித்து, பிறகு சந்தையில் மடிப்பு மேசை போட்டுச் சேலை விற்று, வங்கிக்காரன் முகத்தைத் திருப்பிய பிறகும் கடையை எடுத்துக் காட்டினேன். குட்மேய்ஸில் வீடு வாங்கினேன். பிள்ளைகள் எல்லாரையும் படிப்பித்தேன். லண்டனில் நடந்த எத்தனையோ கலியாணங்களுக்குக் கூறைச்சேலை என் கையால்தான் போனது. ஒருத்தருடைய தயவும் இல்லாமல் செய்தவை இவை. ஆனாலும் நான் செய்ததில் பெரிய வேலை இதில் ஒன்றுமில்லை. அது நான் ஒருநாளும் கண்ணால் காணாத கானா நாட்டின் வடக்கே, மண்பானைகளின் வாயில் கட்டியிருந்தது.

எண்பதுகளின் கடைசியில், ஒரு சனிக்கிழமை, டொக்டர் அம்மா கடைக்குள் வந்தார். கானாக்காரி. நல்ல உயரம், தலையில் சுற்றிய துணி, தடித்த மூக்குக்கண்ணாடி. உள்ளதிலேயே நெருக்கமாக நெய்த துணியைக் காட்டச் சொன்னார். நான் பட்டுச்சேலையை விரித்தேன். அவர் நிறத்தையும் பார்க்கவில்லை, கரையையும் பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, நூலுக்கும் நூலுக்கும் நடுவே இருக்கிற ஓட்டையைப் பார்த்தார். அப்படிச் சேலை பார்த்த ஒரு பெண்ணை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

தன் நாட்டில் அரசாங்க டொக்டராம். இங்கே படிக்க வந்தவராம். அவருடைய பகுதிச் சனங்கள் குளத்துத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். அதில் கண்ணுக்குப் பிடிபடாத ஒரு தெள்ளுப்பூச்சி; அந்தத் தெள்ளுக்குள் ஒரு புழுவின் குஞ்சு. குடித்து ஒரு வருடம் கழிய, முழ நீளத்துக்கும் மேலான புழு, நெருப்பாய் எரிய எரிய, காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். எங்கள் பழைய நாட்டு வைத்தியப் பரியாரிமார் நரம்புச்சிலந்தி என்று சொன்னது இதைத்தான். இழுத்தால் அறுந்து சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் நாளுக்குக் கொஞ்சமாய்ச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. அது வெளியே வருவது, பார்த்து, விதைக்கிற காலத்தில். "ஆக்கள் சாக மாட்டினம், ஆனா அந்த வருசம் அந்த வீட்டில சாப்பாடு இராது" என்பது அவர் சொன்னதன் கருத்து. தண்ணீரைத் துணியில் வடித்துக் குடித்தால் போதும், புழுவின் கதை முடிந்தது. அதற்குத்தான் துணி தேடினார்.

அடுத்த கிழமை பார்க்கில் இருக்கிற குளத்தில் அள்ளிய தண்ணீரைப் பால் போத்தல்களில் கொண்டுவந்தார். கடையில் ஒரு குடும்பம் கலியாணத்துக்குக் கூறை எடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே மேசையில் பேசினை வைத்து, துணி துணியாகப் போட்டு ஊற்றத் தொடங்கினார். வொயில் சேலையில் சேறு அடைத்துத் தண்ணீர் நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு மேல் தட்டில் கிடந்த நைலோன் சேலைகள் நினைவுக்கு வந்தன. மோஸ்தர் போய், ஒருத்தரும் கேளாமல் கிடந்தவை. ஊற்றினார், தண்ணீர் சடக்கென்று இறங்கியது. பூதக்கண்ணாடியை என் கையில் தந்தார். பார்த்தேன். துணியில் தூசி மாதிரி ஒன்று கிடந்து துள்ளியது. அவருடைய ஊர்த் தெள்ளின் இனம்தானாம், இங்கே அதற்குள் புழு இல்லை. கூறை எடுக்க வந்தவர்களையும் கூப்பிட்டு அதைக் காட்டினேன். கலியாணப் பொம்பிளையின் தாய் சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டா.

கிடந்த நைலோன் முழுவதையும் கொடுத்தேன். கொடுப்பதென்றால் நல்லதைக் கொடுக்க வேண்டும் என்று சிவப்பு, பச்சை, பூப்போட்டது, கரை வைத்தது என்று பார்த்துப் பார்த்துக் கட்டினேன்.

படிப்பு முடிந்ததும், இங்கேயே நில்லுங்கோ, ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும், வீடு நான் பார்த்துத் தருகிறேன் என்று புத்தி சொன்னேன். அங்கே சம்பளம் மாதக்கணக்கில் பிந்தி வருகிறது, ஜீப்புக்கு டயர் இல்லை, துணி மூட்டையோடு ஆருடையவோ மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிப் போகிறவர் என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஏன் உங்கள் ஊரை விட்டு வந்தீர்கள் என்று திருப்பிக் கேட்டார். கலவரம், இருக்க ஏலாமல் வந்தோம் என்றேன்.

"எனக்கு அங்க இருக்க ஏலும், பிரதர். அதாலதான் போறன்" என்றார்.

அடுத்த வருடம் ஏதோ கூட்டத்துக்கு லண்டன் வந்தவர் நேரே கடைக்கு வந்தார். "பிரதர், உங்கட துணி சந்தையில பெண்களின்ர தலையில நடந்து திரியுது. புழு பழையபடி வயித்துக்குள்ள போகுது." எனக்கு முதலில் உள்ளுக்குள் சந்தோசம்தான், ஆபிரிக்காச் சந்தையிலும் என் சரக்கு நல்ல சரக்கு. பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தேன். மேலிடத்துக்காரர் துணி வேலை சரிவராது என்று முடிவுகட்டிவிட்டார்களாம். ஒரே ஒரு கிராமத்தை மட்டும் ஒரு வருடத்துக்கு அவரிடம் விட்டிருக்கிறார்கள். துணி கட்டி ஒரு வருடம் கழிந்து வருகிற விதைப்பிலும் அங்கே புழு வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பெண்களில் பிழை இல்லை, இவ்வளவு வடிவான துணியை ஆர் பானையில் போடுவார்கள், நானும் தலையில்தான் கட்டுவேன் என்றார்.

நான் தட்டைப் பார்த்தேன். பாவாடை நாடா உருண்டை உருண்டையாகக் கிடந்தது. துணியை வட்டமாக வெட்டி, விளிம்பை மடித்துத் தைத்து, உள்ளே நாடாவைக் கோர்த்தால்? பானை வாயில் இறுக்கிக் கட்டலாம், வழுகி உள்ளே விழாது. தலையில் கட்டினால் பார்க்கிற சனம் சிரிக்கும். தையல் மெஷினில் இருந்த என் மனிசி நிமிர்ந்து பார்த்தா.

"இஞ்சாருங்கோ, லண்டனில இருக்கிற பெண்டுகளுக்கே தைச்சு முடியேல்லை. இனிப் பானைக்கும் பாவாடையோ?"

டொக்டர் அம்மாவுக்கு அதை இங்கிலிசில் சொன்னேன். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க மனிசி தைத்தா. சேலைக் கரைகளை நானே வெட்டி எறிந்தேன். கரை வெட்டுவது சேலைக்காரனுக்கு லேசான வேலை இல்லை.

பிறகு ஒரு வருடத்துக்கு மேலாய்ச் சத்தமில்லை. புழுவுக்கு வருடம் வேண்டும், அதற்குள் ஒன்றும் தெரியாது. கடைசியில் டொக்டர் அம்மா, அங்கிருந்து வந்த ஒரு நர்ஸ் பிள்ளையிடம் தன் குரல் பதிந்த கசெட் ஒன்று கொடுத்துவிட்டிருந்தார். கடையில் போட்டுக் கேட்டோம். கிழமைக்கொரு தடவை வீடு வீடாகப் போய் ஒவ்வொரு பானையின் நாடாவையும் அவிழ்த்து, துணி கிழிந்திருக்கிறதா என்று பார்த்துத் திரும்பக் கட்டினாராம். புழு வெளிவந்த காலோடு ஒருத்தரும் குளத்தில் இறங்காமல் கரையிலேயே குந்தியிருந்து மறித்தாராம். "இப்ப காயம் கட்டுற நேரம், விதைப்புக் காலம். போன வருசம் இந்த ஆஸ்பத்திரி விறாந்தையில அழுகுரலில கதைக்க ஏலாது. கேளுங்கோ, பிரதர்" என்றார். அதற்குப் பிறகு குரல் இல்லை. ஒரு கோழி கொக்கரித்தது. தூரத்தில் ஆரோ சிரித்தார்கள். மனிசி, கசெட் முடிந்துபோச்சு என்று நிற்பாட்டக் கையை நீட்டினா. நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். எத்தனையோ பெரிய மனிதர்கள் என் கடை வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். ஒருத்தருக்கும் நான் எழும்பியதில்லை. அந்த வெறும் சத்தத்துக்கு எழும்பி நின்றேன்.

இப்போது அந்த நாட்டில் அந்தப் புழுவே இல்லை. டொக்டர் அம்மா காலமான பிறகு அவருடைய ஆக்கள் நினைவு மலர் ஒன்று போட்டு எனக்கும் அனுப்பினார்கள். மகள் வாசித்துச் சொன்னாள். பானையும் கட்டிய துணியும் படத்தில் இருக்கின்றன. கீழே, அந்த வடிவம் அங்கேயே ஆரோ கண்டுபிடித்தது என்று எழுதியிருக்கிறது. அவர் இருந்திருந்தால் அப்படி எழுத விட்டிருக்க மாட்டார். குளக்கரையில் குந்தியிருந்தவருக்குப் பக்கத்தில் நிற்கிற தகுதி எனக்கில்லை, அது எனக்குத் தெரியும். அந்தப் பெருமையில் ஒரு துளியும் நான் கேட்கவில்லை. ஆனால் நாடா என்னுடையது. மலரின் அடுத்த பதிப்பில் அதைப் போட வேண்டும். பெயர் வேண்டாம், ஈஸ்ட் ஹாம் சேலைக்கடைக்காரர் என்று போட்டாலே போதும். தைத்தது அவருடைய மனிசி என்றும் கட்டாயம் போடுங்கோ.