இலுப்பை எண்ணெய் குடித்த எஞ்சின்

போர் முடிந்தபின், படையினர் வேண்டாமெனக் கழித்த பொருள்களைத் திருச்சியில் ஏலம் விட்டார்கள். அவற்றுள் ஒரு டீசல் எஞ்சினை என் அண்ணன் எடுத்தார். பெரம்பலூர் வரை லாரியிலும் அங்கிருந்து மாட்டுவண்டியிலுமாக அது வேப்பந்தட்டையில் எங்கள் கிணற்றடிக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. எரியெண்ணெய் அப்போது அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. அனுமதிச் சீட்டு கிடைப்பதற்குள் இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அதுவரை எஞ்சின் ஒருமுறையும் ஓடவில்லை.

சீட்டு வந்த மார்கழியிலேயே ஊர் மாடுகளுக்குக் கோமாரி கண்டது. கிணற்றிலிருந்து கவலை ஏற்றம் இழுத்து நீர் இறைத்த எங்கள் மாடுகள் குளம்பு வெடித்துப் படுத்துவிட்டன. இரவல் கேட்கலாமென்றால், நடக்கத்தக்க மாடு எவரிடமும் இல்லை. கிணற்றில் நீர் நிரம்பிக் கிடந்தது. பத்து முழத் தொலைவில் ஒன்றரை ஏக்கர் வெங்காயம் தாள் நுனி பழுத்து வாடிக்கொண்டிருந்தது. இன்னும் நான்கு நாள்களில் தண்ணீர் பாயாவிடில் பயிர் கையைவிட்டுப் போய்விடும் என்றார் அண்ணன்.

நான் அரியலூரில் தமிழாசிரியனாக இருந்தேன். அரையாண்டு விடுமுறைக்கு ஊர் வந்தவனை அண்ணன் நேரே கொட்டகைக்கு அழைத்துச் சென்றார். எஞ்சினோடு வந்த ஆங்கிலக் கையேட்டைத் தட்டுத் தடுமாறியேனும் படிக்கத் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருவனே. நெடுநாள் கிடந்த பொறியை இயக்குமுன் இன்னின்னவற்றைப் பார்த்தல் வேண்டும் என்று அதில் ஒரு பக்கம் முழுவதும் அச்சிட்டிருந்தது.

"வெள்ளிக்கெழம காலையில நேரம் குறிச்சாச்சு. எலுமிச்சம்பழம் வாங்கியாச்சு. நீ அந்தப் பொஸ்தவத்தப் படிச்சு, எந்தத் திருகைத் திருவணும்னு மட்டும் சொல்லு" என்றார் அண்ணன்.

கித்தான் உறையை நீக்கினேன். எஞ்சினின் நெற்றி தொடங்கி அடிவரை சந்தனமும் குங்குமமும் படலம் படலமாகக் காய்ந்திருந்தன. ஆயுத பூசை இரண்டு, பொங்கல் இரண்டு, இடையில் வந்த வெள்ளிக்கிழமைகள் எத்தனையோ. காற்று புகவேண்டிய துளைகளில் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. சந்தனத்தைத் தென்னங்குச்சியால் குடைந்தெடுப்பதற்கே முற்பகல் கழிந்தது. எண்ணெய்த் தொட்டியின் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால், மோர் போல் வெளுத்த குழம்பு ஒட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது என்றேன்.

"அபிசேகத் தண்ணி ரெண்டு சொட்டு எறங்கியிருக்கும். அதுக்கு என்ன?" என்றார்.

கையேடு அடுத்துச் சொன்னது, பொறியைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்கவேண்டும் என்பது. கைப்பிடியை மாட்டி அழுத்தினேன், அசையவில்லை. அண்ணனும் சேர்ந்து அழுத்தினார். பாறையைத் தள்ளுவது போல் இருந்தது. தலைப்பகுதியில் திருகாணி இல்லாத ஒரு துளை கந்தைத் துணியால் அடைக்கப்பட்டிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

"இதென்ன?"

"துரு ஏறக்கூடாதுன்னு பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா எலுப்பெண்ண ஊத்துவேன். வண்டி அச்சுக்கு அதானே ஊத்துறோம்? கவலை உருளைக்கும் அதானே?"

இரண்டாண்டுக் காலம். மார்கழிக் குளிரில் இலுப்பை எண்ணெய் நெய்யாக உறைந்து, பழசோடு பழசு சேர்ந்து பிசினாகி, உள்ளே நிறைந்து கிடந்தது. அவரைக் கடிந்துகொள்ள வாயெடுத்தவன் அடங்கிப்போனேன். முந்தைய தீபாவளிக்கு வந்திருந்தபோது, அவர் கிண்ணத்தோடு நின்று அதை ஊற்றியதை நான் கண்டிருக்கிறேன். பிள்ளையைப் போலப் பேணுகிறாரே என்று மெச்சவும் செய்தேன். கையேடு அன்றும் என் பெட்டியில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை குறித்த நேரத்துக்கு அண்ணன் நான்கு ஆள்களோடும் கடப்பாரையோடும் வந்தார். எஞ்சின் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கிடையில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிச் சுற்றிவிடுவது என்பது ஏற்பாடு. நான் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"தள்ளு தம்பி."

"மாட்டேன். உள்ளே என்ன ஆகியிருக்கிறதென்று பார்க்காமல் சுற்றக்கூடாது. எஞ்சின் பழுது பார்க்கும் பிட்டருக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்."

"வெங்காயம் வாடும், பொறுத்துக்கன்னு ஒன் பொஸ்தவத்துல போட்டிருக்கா?"

ஆள்களுள் ஒருவர் சிரித்தார். "வாத்தியாரு பரிச்ச வச்சுத்தான் எஞ்சின பாசு பண்ணுவாரு போல."

அண்ணன் கடப்பாரையைத் தரையில் எறிந்துவிட்டுப் போய்விட்டார். குறித்த நேரம் கடந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் சக்கரத்தடியில் கிடந்தன.

மறுநாள் உச்சிப்பொழுதில் பிட்டர் வந்தார். ஏலாக்குறிச்சிப் பக்கத்தவர், இரயில் பணிமனையில் நெடுநாள் வேலை பார்த்தவர். தலைப்பகுதியைக் கழற்றி உள்ளே விரலை விட்டு, மஞ்சளாக ஒட்டியதை முகர்ந்து பார்த்தார்.

"அண்ணே, இது எஞ்சினுங்களா, வெளக்கு ஏத்துற கல்லுங்களா?" என்று கேட்டவர், பிறகு தரையில் கிடந்த கடப்பாரையைப் பார்த்துச் சிரிப்பின்றிச் சொன்னார்: "நாலு பேரு நெம்பியிருந்தீங்கன்னா உள்ள ராடு வளைஞ்சு போயிருக்கும். அப்பறம் பழைய இரும்புக்குத்தான் போடணும். நல்ல வேள, நெம்பாம விட்டீங்க."

நான் அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே: "எப்ப ஓடும்?"

"மண்ணெண்ண ஊத்தி ஊறவச்சுக் கழுவணும். எண்ணெயப் பீச்சுற நாசில் அடைச்சுக் கெடக்கு, திருச்சிக்குக் கொண்டுபோகணும். ஏழெட்டு நாளாவது ஆவும்."

அண்ணன் வெளியேறினார். நானும் பிட்டரும் மாலைவரை மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அந்தப் பிசினைச் சுரண்டினோம். சுரண்டச் சுரண்ட உள்ளிருந்து மேலும் மேலும் வந்தது. அதன் மட்கிய நாற்றம் சோற்றிலும் தொடர்ந்தது. நான் செய்தது முறை என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த முறையால் ஒரு குடம் நீரும் வயலுக்குப் போகவில்லை.

ஞாயிறு காலை வயற்பக்கம் பேச்சுக்குரல் கேட்டுப் போனேன். அண்ணனும் அண்ணியும், கூலிக்கு வந்த பெண்களும் வரிசையாகக் குந்தி வெங்காயத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சுண்டைக்காய் அளவுதான் திரண்டிருந்தது. முற்றக் கிடந்தது இன்னும் ஒரு மாதம்.

"அண்ணே, பாதியையாவது விட்டு வையுங்கள். எட்டே நாள்" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "நீ பாத்து முடி. நான் புடுங்கி முடிக்கிறேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அண்ணிக்குப் பக்கத்துப் பாத்தியில் இறங்கிக் குனிந்தேன். அண்ணி சட்டென்று என் கையை விலக்கினார்.

"தொடாதீங்க தம்பி. கையெல்லாம் மண்ணெண்ண நாத்தம். இருக்குற நாலு காயும் வெல போவாது."

முகர்ந்து பார்த்தேன், உண்மைதான். வரப்பில் ஏறி நின்றுகொண்டேன். அவர்கள் பிடுங்கியபடி அடுத்த பாத்திக்கு நகர்ந்தார்கள்.