மறுபக்கமாகத் தைத்த பனியன்கள்

திருப்பூர் நெருப்பெரிச்சல் சாலையிலிருக்கும் அந்த பேக்கரி, கம்பெனி வேன்களெல்லாம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் களைகட்டும். வாசல் பெஞ்சில், வேலையை விட்டு நின்றுபோன கிழவர்கள் ஒவ்வொருவராக வந்து சேருவார்கள். பனியன் கம்பெனியில் யாரும் மாலை போட்டு ஓய்வு கொடுத்து அனுப்புவதில்லை. கண் மங்கும், கை நடுங்கும், ஒருநாள் வேன் நம் வீட்டு வாசலில் நிற்காமல் போய்விடும். அவ்வளவுதான்.

தங்கதுரையும் அப்படி நின்றவர். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து மீசை முளைக்கிற வயதில் திருப்பூருக்கு வந்து, ஆயுசு முழுக்க டெய்லராகவே இருந்தவர். இத்தனை வருஷமாகியும் பேச்சில் ஊர் வாசனை போகவில்லை. அதனால் பெஞ்சில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

கிழவர்கள் கூடினால் கதைக்கென்ன பஞ்சம்? அயர்ன் மாஸ்டராக இருந்த நல்லானிடம், உடுமலைப்பேட்டை ரோட்டில் காற்றாலை இறக்கையை ஏற்றி வந்த லாரி வளைவில் மாட்டிக்கொண்ட கதை இருந்தது. பின்னால் நின்ற பஸ்ஸில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்க, முகூர்த்தம் தாண்டிப் போயிற்றாம். கட்டிங் மாஸ்டராக இருந்த டேனியலிடம், வெளிநாட்டுக்காரர் ஒருவர் மிளகாய் பஜ்ஜியை அப்படியே வாயில் போட்டுக்கொண்டு கம்பெனியையே கலக்கிய கதை இருந்தது. கேட்கக் கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் ஒரே கதையை எத்தனை தடவைதான் கேட்பது? ஒருநாள் டேனியல் சட்டம் போட்டுவிட்டார்.

"துணிய ஒருக்காத்தானுங்க வெட்ட முடியும். கதையும் அப்படித்தான். சொன்னதையே மறுக்காச் சொன்னா, சொல்றவிய மத்தவிய எல்லாத்துக்கும் தேங்காய் பன் வாங்கித் தரோணும்."

எல்லோரும் கைதட்டி ஒத்துக்கொண்டார்கள். தங்கதுரையும் தட்டினார். தன்னிடம் இருப்பது ஒரே ஒரு கதைதான் என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அது அவர் மனைவி மூக்கம்மாள் கதை. மூக்கம்மாள் அப்போது அவருக்குக் கைமடியாக வந்த புதிது. டெய்லருக்கு எதிரே உட்கார்ந்து, வெட்டிய துணியைப் பக்கம் பார்த்து எடுத்து வைப்பதும், தைத்து வருவதை வாங்கி நூல் வெட்டி அடுக்குவதும்தான் கைமடி வேலை. துணியின் நல்ல பக்கம் எது, மறுபக்கம் எது என்று டெய்லர் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். கைமடி வைத்தால் வைத்ததுதான். ஊசி ஓடிக்கொண்டே இருக்கும். தங்கதுரை குனிந்த தலை நிமிராத டெய்லர். எதிரே இருப்பது ஆணா பெண்ணா என்றுகூடப் பார்க்காத ஆள். ஒருநாள் மூக்கம்மாள் திடீரென்று களுக்கென்று சிரித்தாள். அவர் நிமிர்ந்தார். நிமிர்ந்த தலை குனியவில்லை. கை மட்டும் தன்பாட்டுக்குத் தைத்துக்கொண்டே போயிற்று. கடைசியில் பார்த்தால் ஒரு கட்டு பனியன் முழுக்க, கைப்பகுதி மறுபக்கமாகத் தைத்துக் கிடந்தது. தைத்தவனே பிரி என்று சூப்பர்வைசர் கத்திவிட்டுப் போனார். சாப்பாட்டு நேரத்தில் இருவரும் உட்கார்ந்து தையல் பிரித்தார்கள். அன்றைக்குப் பேசத் தொடங்கியதுதான். "நான் வாய் பார்த்ததுல பொண்டாட்டி கிடைச்சா" என்று தங்கதுரை கதையை முடிப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்வார். அவர் தொடங்கியதுமே மூக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். பாவம், வெட்கப்படுகிறாள் என்று அவருக்குப் பெருமையாக இருக்கும்.

மூக்கம்மாள் போய்ச்சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. சட்டம் வந்த பிறகு தங்கதுரை இரண்டு மூன்று தடவை பன் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கதையைச் சொன்னார். அதற்கப்புறம் அவர் தலை தெரிந்தாலே, "அண்ணாச்சி, இன்னிக்குப் பன்னுங்களா?" என்று டேனியல் சிரிக்க ஆரம்பித்தார். தங்கதுரைக்கு மானம் போனாற்போல் ஆயிற்று. வாயை மூடிக்கொண்டார். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் சொல்லவும் ஆளில்லை.

போன வாரம் ஒருநாள் காலையில் டம்ளரைக் கழுவிக்கொண்டே கதையைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பனியன் என்ன கலர்? மஞ்சளா? பச்சையா? எத்தனை நூறு தடவை சொன்ன கதை! இன்றைக்குக் கலர் போனது, நாளைக்கு அந்தச் சிரிப்பும் போய்விட்டால்? கம்பெனியில் அவளை எடுத்த போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. அவள் அந்த வயதோடு உட்கார்ந்திருப்பது அந்தக் கதைக்குள் மட்டும்தான். டம்ளரைத் துடைக்காமல் கவிழ்த்துவிட்டுச் சட்டையை மாட்டினார்.

பேக்கரிக்கு வந்ததும் கடைக்காரரிடம், "எல்லாருக்கும் பன் குடுப்பா" என்றார்.

டேனியல் வாயைத் திறப்பதற்குள் கதையைத் தொடங்கிவிட்டார். கைமடி வந்ததைச் சொன்னார். கட்டு வந்ததைச் சொன்னார். "அந்தப் பனியனு வந்து... கலரு..." அதற்குமேல் வரவில்லை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். டேனியல்கூடச் சிரிக்கவில்லை.

"ஊதாங்க" என்றார் நல்லான். "நீங்க உக்காருங்க அண்ணாச்சி. மிச்சத்த நான் சொல்றனுங்க."

தங்கதுரைக்கு அழுகை வரப் பார்த்தது. உட்கார்ந்தார். நல்லான் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"எங்கூட்டுக்காரி சாமியாத்தா அப்ப அடுத்த டேபிள்ல கைமடிங்க. மூக்கம்மாப் புள்ள வந்து ஒரு மாசமா இவிய தல நிமுந்து பார்க்கவே இல்லையாமா. அதும் பொறுத்துப் பொறுத்துப் பாத்துச்சு. அன்னிக்குத் துணியெல்லாம் வேணும்னே மறுபக்கமாத் திருப்பித் திருப்பி வெச்சிருக்குதுங்க. இவரு அதுங்கூடத் தெரியாமத் தெச்சுத் தள்ளியிருக்காரு. பாதிக் கட்டு ஆனதுக்கப்புறந்தான் சிரிப்ப அடக்க முடியாமச் சிரிச்சுப்போட்டுது."

"என்னவே சொல்லுதீரு?" என்றார் தங்கதுரை. "நான் நிமிந்து பார்த்ததுக்கு முன்னாலயே மறுபக்கமாத்தான் இருந்துச்சா?"

"ஆமாங்க. அந்தம்மா இருக்கிற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சாமியாத்தாகிட்டச் சத்தியம் வாங்கியிருந்துச்சுங்க. 'அவுக தானாத்தான் பார்த்தோமுன்னு பெருமையாச் சொல்லிட்டுத் திரியட்டும், கெடுத்துராதக்கா'ன்னு."

தங்கதுரைக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்ன நெஞ்சழுத்தம் இந்த மனுஷிக்கு! வருவோர் போவோரிடமெல்லாம் அசடு வழியவிட்டு, அடுப்படியில் போய் நின்று சிரித்திருக்கிறாள். இப்போதே வீட்டுக்குப் போய் ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று விருட்டென்று எழுந்தார். எழுந்து இரண்டடி வைத்த பிறகுதான் வீடு பூட்டிக் கிடப்பது நினைவுக்கு வந்தது.

சாலையோரத்திலேயே நின்றுவிட்டார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நல்லான் எழுந்து வந்தார். தங்கதுரை சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பன் வந்தது. ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொண்டார்கள்.

"சரி, நாளைக்கு யாருங்க கதை?" என்றார் டேனியல்.

"நான்தான்" என்றார் தங்கதுரை.

"அப்ப நாளைக்கும் பன்னுங்களா, அண்ணாச்சி?"

"எதுக்குவே பன்னு? இந்தக் கதைய நான் இன்னும் ஒரு தடவகூடச் சொல்லலையே."