தாளில் எழுதாத விமானம்

1. எண்பத்துமூன்றின் தொடக்கத்தில், அளவெட்டிக் கிளினிக்கில் தாதியான நான் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் செவியைச் சோதித்தேன்.
2. ஒலி கேட்டால் கை உயர்த்தச் சொன்னேன். மூன்று தடவையும் உயர்த்தவில்லை.
3. "செவிப்புலன் குறைவு, சாதாரணப் பள்ளிக்கு ஏற்றவளல்ல" என்று எழுதினேன்.

தாயார் தாளை வாங்க மறுத்தார்.

"பிளேன் போகேக்கை நீங்கள் கதைச்சது எனக்கும் கேக்கேல்லை, மிஸி. என்னையும் செவிடெண்டு எழுதுங்கோவன்."

என் முகம் சுட்டது. கூரைக்கு மேலால் போன விமானத்தை நான் கவனிக்கவே இல்லை. அந்த இரைச்சல் எனக்கு அவ்வளவு பழகியிருந்தது. அது அடங்கியபின் மறுபடி சோதித்தேன். ஒவ்வொரு ஒலிக்கும் அவள் கை உயர்ந்தது. தாளைக் கிழித்தேன்.

விமானங்கள் கிளம்பியதும் கடல்பக்கம் திரும்ப வேண்டும் என்று பக்கத்து விமான நிலையத்துக்கு எழுதினேன். முடியாது என்றார்கள். மறுபடி எழுதினேன்.

சிறுமி பள்ளிக்குப் போகிறாள். விமானம் இன்னும் எங்கள் கூரைக்கு மேலால்தான் போகிறது. என் ஆறாவது கடிதம் நாளைய தபாலில் போகும்.